ஒரு கோப்பைக் காப்பி

ஆஸ்திரிய நாட்டின் தலைநகரமாகிய வியன்னா, டான்யூப் ஆற்றின் கரையில் அமைந்த பழம்பெரும் நகரம். பேரரசர்கள் வாழ்ந்த அரண்மனைகளும், மொசார்ட், பேத்தோவன் முதலிய இசைமேதைகள் வாழ்ந்த இல்லங்களும் அங்கு உள்ளன. அவற்றைக் காணப் பல நாட்டு மக்களும் வருகின்றனர். ஆயினும், அந்நகர மக்களின் இயல்பை அறிய விரும்புவோர் ஒரு காப்பிக்கடைக்குள் சென்று அமர்வதே நன்று.

சென்னையிலிருந்து சென்ற பயணி ஒருவர், நான்கு நாள்களில் காணவேண்டிய இடங்களை நீண்ட பட்டியலாக எழுதிவைத்திருந்தார். இரண்டாம் நாள் காலையில் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடியவர், தெருமுனையில் இருந்த காப்பிக்கடைக்குள் நுழைந்தார். பெயர்தான் கடை, உள்ளே அது ஒரு பெரிய கூடம். உயர்ந்த மேற்கூரை, சலவைக்கல் மேசைகள், வளைத்துச் செய்த மர நாற்காலிகள், மரச்சட்டத்தில் கோத்துத் தொங்கவிடப்பட்ட செய்தித்தாள்கள் ஆகியவற்றை அவர் வியப்புடன் நோக்கினார்.

கறுப்பு உடை அணிந்த பணியாளர், நுரை ததும்பும் ‘மெலாஞ்ச்’ என்னும் பால்காப்பியை உலோகத் தட்டில் வைத்துக் கொணர்ந்தார். உடன் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தது. ஆல்ப்ஸ் மலைச்சாரல் ஊற்றுகளிலிருந்து 1873ஆம் ஆண்டு முதல் குழாய்வழி வரும் நீர் அது. காப்பி தீர்ந்தது, மழை தீரவில்லை. தம் ஊர் உணவகங்களில், உண்டு முடிக்குமுன்னரே அடுத்தவர் நாற்காலியின் பின்னே வந்து நிற்பது பயணிக்கு நினைவுக்கு வந்தது. எழுந்துவிடலாமோ என அவர் தயங்கினார். அப்போது பணியாளர் வந்தார். கணக்குச் சீட்டு வரும் என்று எண்ணியவருக்கு, கேளாமலே இன்னொரு குவளைத் தண்ணீர் வந்தது. ‘இன்னும் இருங்கள்’ என்பதே அதன் பொருள். கேட்டாலன்றிக் கணக்குச் சீட்டு தருவது அங்கு வழக்கமில்லை.

பயணி சுற்றிலும் பார்த்தார். ஒரு மூதாட்டி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாணவர் இருவர் பாடம் எழுதினர். முதியவர் ஒருவர் சதுரங்கப் பலகையின் முன் தனியே அமர்ந்திருந்தார். எவரும் எவரையும் விரட்டவில்லை. பயணி தம் பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, முதியவர் எதிரே சென்று அமர்ந்தார். ஆட்டம் இரண்டு மணி நேரம் நீடித்தது.

வியன்னாவில் இவ்வழக்கம் வேரூன்றி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. 1685ஆம் ஆண்டில் யோஹான்னஸ் தியோதாத்தோ என்னும் ஆர்மீனிய வணிகர், அங்குக் காப்பி விற்கும் உரிமையைப் பேரரசரிடமிருந்து பெற்றார். பின்னாளில் காப்பிக்கடைகள் எழுத்தாளர்களின் இருப்பிடமாகவே மாறின. 1876இல் தொடங்கப்பெற்ற ‘கஃபே சென்ட்ரல்’ என்னும் கடையையே பீட்டர் ஆல்டன்பெர்க் என்ற எழுத்தாளர் தம் முகவரியாகக் கொண்டிருந்தார். இன்றும் அக்கடையின் வாயிலருகே அவருடைய உருவச்சிலை அமர்ந்திருக்கின்றது. ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு வெப்பமான அறையும், நாள்தோறும் செய்தியும், பேசத் துணையும் கிடைத்தன.

அந்த இருக்கை மறுக்கப்பட்ட காலமும் உண்டு. 1938ஆம் ஆண்டில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. காப்பிக்கடைகளை நடத்தியவர்களிலும் அங்கு எழுதியவர்களிலும் யூதர் பலர் இருந்தனர். அவர்கள் தம் கடைகளை இழந்தனர். வாடிக்கையாய் அமர்ந்த மேசைகளிலிருந்து விரட்டப்பட்டனர். பலர் நாட்டை விட்டு ஓடினர், பலர் கொல்லப்பட்டனர். மேசைகளும் நாற்காலிகளும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு உயிரூட்டிய மனிதர்கள் இல்லை. ‘யாவரும் வந்து அமரலாம்’ என்னும் நிலை எளிதாய்த் தோன்றினும், அது காக்கப்படவேண்டிய ஒன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. போருக்குப் பின் பல கடைகள் மூடப்பட்டபோதும், எஞ்சியவற்றை மக்கள் போற்றி வளர்த்தனர். 2011ஆம் ஆண்டில் வியன்னாவின் காப்பிக்கடைப் பண்பாடு, ஆஸ்திரியாவின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நம் நாட்டிலும் இத்தகைய இடங்கள் உள்ளன. காப்பி வாரியம் தன் கடைகளை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் 1957ஆம் ஆண்டு முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே நடத்தத் தொடங்கினர். தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் உள்ள ‘இந்தியன் காபி ஹவுஸ்’ அவ்வாறு நிலைபெற்றதேயாகும். அங்கும் மாணவரும் முதியவரும் நெடுநேரம் அமர்ந்து உரையாடுவதைக் காணலாம். புதிய ஊருக்கு வந்தவருக்கு முதலில் வேண்டுவது, ‘நீ ஏன் இங்கே இருக்கிறாய்?’ என்று எவரும் கேளாத ஓர் இருக்கை. அதனைத் தரும் நகரமே விருந்தோம்பல் அறிந்த நகரம்.

அருஞ்சொற்பொருள்

சலவைக்கல் – பளிங்குக்கல்
ததும்பும் – நிறைந்து வழியும்
வேரூன்றி – நிலைபெற்று
எஞ்சியவை – மீந்தவை

வினாக்கள்

1. பணியாளர் கொணர்ந்த இரண்டாவது குவளைத் தண்ணீரின் பொருள் யாது?
2. பயணி தம் பட்டியலை மடித்து வைத்தது ஏன்?
3. 1938ஆம் ஆண்டுக்குப் பின் காப்பிக்கடைகளில் நேர்ந்த மாற்றத்தை விளக்குக.
4. பிரித்து எழுதுக: முந்நூறு, பெருமழை, இவ்வழக்கம்.

செயல்பாடு

நீங்கள் வாழும் ஊரில் யாவரும் தடையின்றி அமர்ந்து பேசக்கூடிய இடம் எது? உங்கள் பெற்றோர் இவ்வூருக்கு வந்த புதிதில் எங்கே அமர்ந்து இளைப்பாறினர் என்பதை அவர்களிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.