பியூரிட்டன் நூல்களும் ஒரு நீண்ட 'எஸ்' எழுத்தும்

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் தூய்மைப்படுத்த விழைந்தவர்கள் பியூரிட்டன்கள். மன அடக்கம், தன்னாய்வு, தியானம் பற்றி அவர்கள் எழுதிக் குவித்தவை ஏராளம். 1993-இல் ஹாரி பிளான்டிங்கா தொடங்கிய கிறிஸ்டியன் கிளாசிக்ஸ் ஈதீரியல் லைப்ரரி போன்ற இணைய நூலகங்களால் அவற்றுள் பல இன்று நம் மேசைக்கே வந்துவிடுகின்றன. அவற்றை நாடும் அன்பர்களுக்கு என் பிழையொன்றையே பாடமாகக் கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய பிரசங்கத்தின் சில பத்திகளை மொழிபெயர்த்தேன். பக்தர் இறைவனோடு 'போரிட்டதாக' ஒரு வாக்கியம். யாக்கோபு இரவெல்லாம் மல்லாடிய விவிலியக் கதை நினைவுக்கு வந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை. அதை விளக்கி ஓர் அடிக்குறிப்பு வேறு எழுதினேன்! அச்சுக்கு அனுப்பும் முன் தற்செயலாக மூலப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். பக்தர் போரிடவில்லை, இறைவனைத் தேடினார், அவ்வளவே.

காரணம் எளியது. அக்கால அச்சில் சொல்லின் முதலிலும் இடையிலும் வரும் 'எஸ்', ஏறத்தாழ 'எஃப்' போலவே நீண்டிருக்கும். படத்தை எழுத்தாக மாற்றும் கணினி 'ஸாட்' என்பதை 'ஃபாட்' என்று படித்துவிட்டது. இதனாலேயே, 2015-இல் முதற்கட்டமாக சுமார் 25,000 பழைய ஆங்கில நூல்களைப் பொதுவுடைமையாக்கிய திட்டத்தினர், கணினியை நம்பாமல் மனிதரைக் கொண்டே படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்வித்தனர்.

பதிப்பிலும் கவனம் தேவை. ரிச்சர்ட் பாக்ஸ்டரின் 'புனிதர்களின் நித்திய இளைப்பாறுதல்' 1650-இல் வெளிவந்தது. வீட்டைவிட்டுத் தொலைவில், மரணத்தை எதிர்நோக்கிய நோயில், கையில் விவிலியம் தவிர வேறு நூலின்றி அவர் எழுதத் தொடங்கியது அது. (ஆயிரக்கணக்கான நூல்களைத் திறந்து வைத்திருக்கும் நமக்கு இது சற்று வெட்கமளிக்கிறது.) ஆனால் இணையத்தில் பரவலாகக் கிடைப்பது பெஞ்சமின் ஃபாசெட் 1758-இல் வெளியிட்ட சுருக்கமே. மூலத்தில் நான்கு பாகங்கள். சுருக்கத்திலோ பதினாறு அத்தியாயங்கள். முகப்புப் பக்கத்தைப் பாராமல் 'பாக்ஸ்டர் கூறுகிறார்' என்று எழுதுவது ஆபத்து.

அந்நூலின் நான்காம் பாகம் தியானத்துக்கு உரியது. கற்றதை அசைபோட்டபின், தன் நெஞ்சுக்குத் தானே பிரசங்கம் செய்யும் முறையை பாக்ஸ்டர் அங்கே படிப்படியாகக் கற்பிக்கிறார். நாம் மனனம் என்பதற்கு மிக அருகே அது வருகிறது. தேடல் பெட்டியில் 'தியானம்' என்னும் சொல்லை இட்டால் துண்டுகள் கிடைக்கும், படிகள் கிடைப்பதில்லை. நான் அப்பாகத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டு, கணினியை அணைத்துவிட்டு, நாள்தோறும் இரண்டு பக்கம் வீதம் வாசித்து வருகிறேன்.