மலேரியா ஆய்வகத்துக்குள் அடியெடுத்து வைக்கும் உனக்கு

கண்ணு, மலேரியா ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் வளர்த்து, அது கொசுவுக்கு எப்படித் தொற்றுகிறது என்று பார்க்கும் வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வேலையிலேயே நரைத்தவன் கிளேபாங்கிலிருந்து சொல்கிறேன், கேள்.

1. யாருக்காகச் செய்கிறாய் என்பதை மறவாதே. இந்த மலேசிய நாட்டில் காட்டை வெட்டி ரப்பர் நட்டபோது, நிழல் போன ஓடைகளில் மக்குலேட்டஸ் கொசு பெருகியது. லயங்களில் நம் சனம் காய்ச்சலில் படுத்து எழாமலே போனது. என் பாட்டி அந்தச் சாவுகளைப் பேர் பேராகச் சொல்லுவார்.

2. வசதி இல்லையென்று சோராதே. ஃபால்சிபாரம் வகையைத் தொடர்ந்து வளர்க்கும் வழியை நியூயார்க்கில் டிரேகரும் ஜென்சனும் 1976-இல் காட்டினார்கள். பிராணவாயுவைக் குறைக்க மூடிய சாடிக்குள் ஒரு மெழுகுவர்த்தி போதுமாக இருந்தது.

3. பெருக்கத்தைக் கண்டு மயங்காதே. 48 மணிநேரத்துக்கொருமுறை பெருகும் கூட்டம் கொசுவுக்குத் தொற்றாது. ஆண், பெண் வடிவமான கேமிட்டோசைட் மட்டுமே தொற்றும். அது பிறை வடிவெடுத்து முதிர 10 முதல் 12 நாள் வேண்டும். நெடுங்காலம் குப்பியிலேயே பெருகிய வம்சம் அதை உண்டாக்கும் திறனையே இழக்கலாம். தொடக்கக் கையிருப்பை விதைநெல்லாகத் திரவ நைட்ரஜனில் காத்து வை.

4. நாள் தவறாதே. எனக்குத் தொழில் சொல்லித்தந்த அக்கா, தீபாவளி விடியலிலும் வந்து வளர்ப்புக் கரைசலை மாற்றிவிட்டுத்தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவார். கரைசல் 37 டிகிரியில் இருக்கட்டும். குப்பி குளிர்ந்தால், கொசு வயிற்றில் கேமிட்டோசைட்டுக்கு நடக்க வேண்டிய மாற்றம் குப்பிக்குள்ளேயே நடந்து உழைப்பு வீணாகலாம்.

5. கொசுக்களை எண்ணு. கேமிட்டோசைட் உள்ள இரத்தம் குடித்த இரண்டு வாரத்தில் அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பியில் நோய் காத்திருக்கும். ஒன்று குறைந்தாலும் அப்போதே மூத்தவரிடம் சொல். நீ அச்சத்தில் மறைத்தது அடுத்தவர் உடம்பில் காய்ச்சலாகும்.

6. கண்டதும் முடிவு கட்டாதே. சரவாக்கின் கப்பிட்டில் நுண்ணோக்கி ‘மலேரியே’ வகை என்றது. பல்பீர் சிங்கும் ஜானட் காக்ஸ்-சிங்கும் குழுவினரும் மரபணுவைச் சோதித்து, பலருக்கு வந்தது குரங்குகளிடமிருந்து தொற்றும் ‘நோலேசி’ என்று 2004-இல் அறிவித்தார்கள். அதனால் நீயும் எதிர்பார்த்ததை மட்டும் பார்க்காமல், தொற்றாத கொசுவையும் மறைக்காமல் குறிப்பேட்டில் எழுது.

7. வேலை முடிந்தது என்று நம்பாதே. மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவுக்குள் தோன்றவில்லை. நோலேசியோ இன்னும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது. காட்டோரம் உழைப்பவர்களே அதற்கு அதிகம் ஆளாகிறார்கள். அவர்களுக்காகப் படி, அவர்களுக்காக உண்மையாய் இரு.