கடலடிக் கேபிளும் கரைமேல் வேலையும்

செயற்கைக்கோள் ஒன்று 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் வழியே செய்தி அனுப்பினால், அது மேலே போய்க் கீழே இறங்க 72,000 கிலோமீட்டர் செல்ல வேண்டும். பதில் வர இன்னொரு 72,000. ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ அரை நொடி!

"அரை நொடிதானே?" என்பீர்கள். ஆனால் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கவே கணினி பல முறை கேட்டுப் பதில் பெற வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த வழியில் ஒரே நேரத்தில் செல்லக்கூடிய செய்தியின் அளவு குறைவு. கட்டணமோ அதிகம்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா, 2009 வரை வெளியுலக இணையத் தொடர்புக்குச் செயற்கைக்கோள்களையே பெரிதும் நம்பியிருந்தது. அந்த ஆண்டில் மொம்பாசா துறைமுக நகருக்குக் கடலடி ஒளியிழைக் கேபிள்கள் வந்து சேர்ந்தன. ஒரு கேபிள் அரபு அமீரகத்தின் ஃபுஜைராவிலிருந்து வந்தது. நீளம் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். போய்வர நொடியில் 20-ல் ஒரு பங்கே போதும்!

சரி, இதனால் மக்களுக்கு வேலை கிடைத்ததா? கேபிள் வந்தபின் வேலை பெருகியது என்று சொன்னால் மட்டும் போதாது. நல்ல மழை பெய்ததாலும் பெருகியிருக்கலாம் அல்லவா?

ஹ்யோர்ட், போல்சன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் 12 நாடுகளின் விவரங்களை ஆராய்ந்தனர். கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் தரைவழிக் கேபிளை ஒட்டிய இடங்கள் ஒரு பக்கம். அதிலிருந்து தள்ளியிருந்த இடங்கள் மறுபக்கம். கடலடிக் கேபிள் வருவதற்கு முன்பும் பின்பும் இரண்டிலும் நேர்ந்த மாற்றத்தை ஒப்பிட்டனர். நாடு முழுவதற்கும் பொதுவான மாற்றங்கள் இந்த ஒப்பீட்டில் கழிந்துவிடும்.

முடிவு 2019-ல் வெளியாயிற்று. கேபிளை ஒட்டிய இடங்களில் வேலை செய்வோரின் விகிதம் கூடியிருந்தது. அது பிற ஊர்களிலிருந்து பறித்த வேலை அல்ல. புதிய நிறுவனங்கள் தோன்றின, ஏற்றுமதி வளர்ந்தது. குறைவாகப் படித்தவர்களும் பயன் பெற்றனர். ஆயினும் திறமை மிகுதியாகத் தேவைப்படும் வேலைகளே அதிகம் பெருகின.

ஆகவே, கேபிள் கரைக்கு வந்தால் மட்டும் போதாது. அது ஊர் ஊராகச் செல்ல வேண்டும். அதைப் பயன்படுத்தும் கல்வியும் உடன் செல்ல வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊருக்குப் புதிய சாலை வந்தது, கடைகள் பெருகின. சாலைதான் காரணம் என்று எப்படி நிறுவுவீர்கள்? எந்த ஊரோடு ஒப்பிடுவீர்கள்?