சுற்றுலாப் படம் சப்பென்று இருக்கிறதா?

நேரில் அழகாக இருந்த இடம் படத்தில் எடுபடவில்லையே என்று வருந்துபவர்களுக்குச் சில குறிப்புகள். செல்போன் கேமராவே போதும்.

1. முதலில் லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். புடவைத் தலைப்பு வேண்டாம், ஜரிகை கீறிவிடும். விரல் பிசுக்கும் கடற்கரை உப்புச் சாரலும் எல்லா நிறத்தையும் வெளிறச் செய்துவிடும்.

2. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். நிழல் நீண்டு மேடு பள்ளம் தெரியும். நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால், மறைந்த 20, 25 நிமிடங்களில் இருட்டிவிடும். கன்னியாகுமரியில் சூரியன் மறைந்ததும் கூட்டம் கலைந்து டீக்கடைக்குப் போய்விடும். நீங்கள் நில்லுங்கள். வானம் கருநீலமாகி, கரை விளக்குகள் மஞ்சளாக எரியத் தொடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நல்ல படம் கிடைக்கும்.

3. அந்தி வானத்துக்கு ஒயிட் பேலன்ஸை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். செம்மையைக் கோளாறு என்று எண்ணிக் கேமரா திருத்திவிடும். ‘புரோ’ மோடில் 5,500 கெல்வின் வையுங்கள். பனிக்காலை குளிர்ச்சியாகத் தெரிய வேண்டுமானால் 4,500க்குக் குறையுங்கள்.

4. ஊட்டி மூடுபனி சாம்பலாக விழுகிறதா? திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைச் சற்று மேலே இழுங்கள். அந்திக்குக் கீழே.

5. மலையடுக்குகளை அல்ட்ரா வைடில் எடுத்தால் கரையான் புற்றாகச் சுருங்கிவிடும். இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூமில் எடுங்கள். அருகு மலை கருமையாகவும் தூரத்து மலை வெளிர்நீலமாகவும் அடுக்கடுக்காகத் தெரியும்.

6. நிறங்களைக் குறையுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில் இரும்பு ஆக்சைடு படிந்த செம்மணல், மேலே நீல வானம், நடுவே ஒற்றைப் பனை. அவ்வளவு போதும். வாடகை வேனும் விளம்பரப் பலகையும் உள்ளே வந்தால் எல்லாம் கெட்டது. நாலடி நகர்ந்தால் அவை மறைந்துவிடும். தேயிலைத் தோட்டத்தில் சிவப்புப் புடவை ஒன்று இருந்தால் கண் அங்கேதான் போகும். அதை ஓரமாக வையுங்கள்.

7. அடிவானத்தை நடுவில் வைக்காதீர்கள். வானம் அழகென்றால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். குளத்தில் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தால் மட்டும் நடுவில் வைக்கலாம்.

8. தனிமை தெரிய வேண்டிய இடத்தில் வெற்றிடம் நிறைய விடுங்கள். தனுஷ்கோடியில், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தைச் சட்டம் நிறைய எடுத்தால் அது வெறும் இடிந்த கட்டடம். கடைகள் படாத பக்கமாகத் தள்ளி நின்று, அதைச் சிறிதாக ஓரத்தில் வைத்து, மணலும் வானமும் சூழ விட்டுப் பாருங்கள்.

9. எடிட்டிங்கில் சாச்சுரேஷனை ஏற்றாதீர்கள். புல் பிளாஸ்டிக் பச்சையாகிவிடும்.

10. வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, அந்தி வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்புங்கள், எடுத்தபடியே போய்ச் சேரும்.