நின்ற பேருந்து நகர்ந்தது எப்படி?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

நம் கல்லூரி மாணவரில் பெரும்பாலோர் பேருந்தை நம்பிப் படிப்பவர்கள். இலவசப் பயண அட்டை இல்லையேல் என் போன்றோர் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருப்போம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே பேருந்து நின்றால் என்ன ஆகும், நின்ற பேருந்தை அரசு எப்படி ஓட வைக்கிறது என்பவை எனக்கு வெறும் பொது அறிவுக் கேள்விகள் அல்ல. 2018 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழகத்தில் நடந்த போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்க விழைகிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. என் தாயார் கீரைக்கட்டுகளை விடியற்காலை முதல் பேருந்தில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார். சனவரி 4 ஆம் நாள் மாலை பேருந்துகள் நின்றன. வழியிலேயே நிறுத்திப் பயணிகளை இறக்கிவிட்ட இடங்களும் உண்டு. மறுநாள் அம்மா ஷேர் ஆட்டோவில் போனார். கூடைக்கும் தனிக் கட்டணம். அன்றைய இலாபம் ஆட்டோவோடு போயிற்று. மூன்றாம் நாள் கீரை தோட்டத்திலேயே முற்றியது.

எங்கள் தெருவிலேயே அம்மாவின் தம்பி, என் மாமா, இருக்கிறார். அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். அவரும் வேலைநிறுத்தத்தில் இருந்தார். அம்மா வாசலில் நின்று, "ஏன்டா, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்க?" என்று கேட்டுவிட்டார். மாமா தலை நிமிரவில்லை. "அக்கா, எனக்கும் எட்டு நாளாச் சம்பளமில்ல" என்று அவர் சொன்னது கடைசி நாளன்று. இருவரில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு விளங்கவில்லை. இன்றும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பிணக்கு என்ன? போக்குவரத்துக் கழகங்களில் பன்னிரண்டாவது ஊதிய ஒப்பந்தம் 2016 ஆகஸ்டு 31 உடன் முடிந்தது. அடுத்த ஒப்பந்தத்திற்கான பேச்சு ஓராண்டுக்கும் மேல் இழுத்தது. பழைய அடிப்படை ஊதியத்தை 2.57 ஆல் பெருக்கித் தரவேண்டும் என்றன தொழிற்சங்கங்கள். அரசு 2.44 என்றது. இடைவெளி 0.13. "இந்தப் புள்ளி பதின்மூன்றுக்காகவா பேருந்தை நிறுத்தினார்கள்?" என்று பலர் கேட்டனர். கணித மாணவன் என்ற முறையில் இந்த எண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்த்தேன்.

2.57 வானத்திலிருந்து விழுந்த எண்ணன்று. மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழுவில் வந்தது. அடிப்படை ஊதியம் 1. அதன்மேல் அப்போதைய அகவிலைப்படி 125 விழுக்காடு, அதாவது 1.25. இரண்டும் சேர்ந்து 2.25. இது ஏற்கெனவே கையில் வந்துகொண்டிருந்த பணம். அதற்கு மேல் சுமார் 14.3 விழுக்காடு உயர்த்தினால் 2.57 வரும். அதே கணக்கை இங்கும் வைத்துப் பார்த்தால், 2.44 என்பது 2.25 இன் மேல் சுமார் 8.4 விழுக்காடு உயர்வுதான். ஆக, 2.44 என்றவுடன் ஊதியம் இரண்டரை மடங்காகிறது என்று எண்ணுவது பிழை. 0.13 அற்பம் என்பதும் பிழை. உண்மையான உயர்வை 8.4 ஆகவும் 14.3 ஆகவும் வைத்தால், சண்டை கேட்ட உயர்வில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட தொகைக்காக நடந்தது. 10,000 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் அது மாதம் 1,300 ரூபாய். இதோடு, ஓய்வுபெற்றோர்க்குரிய நிலுவை, தொழிலாளரிடம் பிடித்த வருங்கால வைப்பு நிதி முதலியவை வேறு செலவுகளுக்குப் போய்விட்டன என்ற புகாரும் சேர்ந்திருந்தது. மாமாவைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிது என்பார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அப்போது நடப்பிலிருந்தது 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். பொதுப் பயன்பாட்டுப் பணியில் இருப்போர் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்யலாகாது. அறிவிப்புக் கொடுத்தபின் 14 நாள் பொறுக்க வேண்டும். சமரச அலுவலர் முன் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாள் வரையிலும் வேலையை நிறுத்துதல் கூடாது. சமரசப் பேச்சில் ஏற்படும் 12(3) ஒப்பந்தம், கையெழுத்திடாத சங்கத்தின் உறுப்பினரையும் கட்டுப்படுத்தும். 2018 சனவரி 4 அன்று சில சங்கங்கள் 2.44 க்குக் கையெழுத்திட்டன. மற்றவை மறுத்து வெளியேறின. பேருந்துகள் நின்றது அதன் பின்னர்தான்.

ஒரு பஞ்சாலையில் வேலைநிறுத்தம் என்றால் முதலாளி ஒருபுறம், தொழிலாளி ஒருபுறம், நடுவே அரசின் தொழிலாளர் துறை. அரசு தலையிட்டது என்றால் மூன்றாம் ஆள் வந்தான் என்று பொருள். போக்குவரத்துக் கழகத்திலோ முதலாளியே அரசு. கட்டணத்தை நிர்ணயிப்பதும் அரசு. சமரசம் பேசும் அலுவலரும் அரசின் துறையைச் சேர்ந்தவர். பந்தயத்தில் ஓடுபவரே ஊதலும் ஊதுகிறார்! ஆகவே இங்கே அரசுத் தலையீடு என்னும் சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு ஆள வேண்டும்.

இத்தகைய நிலையில் அரசுக்கு எளிதாகத் தோன்றுவது அடக்குமுறை. 1974 மே 8 முதல் 27 வரை நடந்த இரயில்வே வேலைநிறுத்தத்தில் மத்திய அரசு ஜார்ஜ் பெர்னாண்டசை முன்கூட்டியே கைது செய்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். கோரிக்கை நிறைவேறாமலே வேலைநிறுத்தம் முடிந்தது. நம் மாநிலத்தில் 2003 ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1 இலட்சத்து 70 ஆயிரம் பேர் ஒருசேரப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வழக்கில் ஆகஸ்டு 6 அன்று உச்சநீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ இல்லை என்றது. பெரும்பாலோர் மன்னிப்புக் கோரியபின் மீண்டும் பணிக்கு எடுக்கப்பட்டனர்.

2018 இலும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் சனவரி 5 ஆம் நாளே, உடனே பணிக்குத் திரும்பாவிடில் நடவடிக்கை வரும் என்று எச்சரித்தது. தற்காலிக ஓட்டுநர்களைக் கொண்டு அரசு சில பேருந்துகளை ஓட்டியது. ஆனால் தொழிலாளர் திரும்பவில்லை. பொங்கலோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்றோர் நிலுவைக்கென அரசு 750 கோடி ரூபாய் அறிவித்தது. அப்போதும் முடிச்சு அவிழவில்லை.

அவிழ்த்தது சனவரி 11 அன்று வந்த ஏற்பாடு. இப்போதைக்கு 2.44 ஐப் பெற்றுக்கொண்டு பணிக்குத் திரும்புவது, எஞ்சிய 0.13 குறித்து ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபன் நடுவராக இருந்து ஆராய்வது. தொழிற்சங்கங்கள் இசைந்தன, அன்றிரவே வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. எச்சரிக்கை செய்யாததை இந்த ஏற்பாடு செய்தது ஏன்? ஒத்துக்கொண்ட தொகை உடனே கைக்கு வரும். ஒத்துக்கொள்ளாத தொகை மட்டும் இரு தரப்பிலும் சேராத ஒருவரிடம் போகும். யாரும் தோற்றவராக வீடு திரும்ப வேண்டியதில்லை. அந்த மூன்றாம் ஆளை முதல் நாளே தேடியிருந்தால் எட்டு நாளும் எங்கள் கீரையும் மிஞ்சியிருக்கும் என்பது என் துணிபு.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சனவரி 20 அன்று பேருந்துக் கட்டணம் உயர்ந்தது. 2011 நவம்பருக்குப் பிறகு அதுவே முதல் உயர்வு. ஆறு ஆண்டு ஏற்றாததை ஒரே நாளில் ஏற்றியதால் சாதாரணப் பேருந்தில் 3 ரூபாய்க் கட்டணம் 5 ரூபாயாயிற்று. மாணவர்கள் பல ஊர்களில் தெருவுக்கு வந்தனர். பத்து நாளுக்குள் அரசு அதைச் சிறிது குறைத்து 4 ரூபாய் ஆக்கியது. அம்மாவுக்கு இரட்டை அடி: வேலைநிறுத்தத்தில் கீரை போயிற்று, முடிந்தபின் கட்டணம் கூடிற்று. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்றானபின்தான் அவர் அதைப் பேசுவதை விட்டார்.

2024 சனவரி 9 அன்று மீண்டும் வேலைநிறுத்தம். நான் பன்னிரண்டாம் வகுப்பு. ஓய்வுபெற்றோர்க்குப் பல ஆண்டுகளாக நின்றுபோன அகவிலைப்படியும் கோரிக்கைகளுள் ஒன்று. பொங்கல் நேரத்தில் மக்களை வதைக்கலாமா என்று உயர்நீதிமன்றம் கேட்க, மறுநாளே சங்கங்கள் அதைச் 19 ஆம் நாள் வரை தள்ளிவைத்தன. இம்முறை இரண்டே நாள். விரைந்து முடிந்தது நல்லதே. ஆனால் தள்ளிவைப்பது வேறு, தீர்ப்பது வேறு.

1947 ஆம் ஆண்டுச் சட்டம் இன்றில்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 14 நாள் முன்னறிவிப்பு இனிப் பொதுப் பயன்பாட்டுப் பணிக்கு மட்டுமல்ல, எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் உரியது. அந்த 14 நாளில் யார் யாரோடு பேசுவது, அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் நடுவே அமர்பவர் யார் என்பதை நம் பொருளியல், அரசியல் துறை நண்பர்கள் ஆராய்ந்து அடுத்த மலரில் எழுதலாம். மாமாவுக்கு ஓய்வுபெற இன்னும் மூன்றாண்டு இருக்கிறது. இக்கட்டுரையின் கணக்கை அவரிடம் படித்துக் காட்டினேன். அடிப்படை ஊதியத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "கணக்குச் சரிதான்டா, உங்கம்மாகிட்டயும் வாசிச்சுக் காட்டு" என்றார்.