உடம்பும் ஒரு சேமிப்புதான்



மூன்று மாதத்துக்கு முன் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்ததுமே ஓர் அக்கா எழுந்தார். "நாள் பூரா சோலி பாக்கோம்லா, நமக்கு எதுக்கு எக்சர்சைஸு? அதெல்லாம் டவுன்ல உக்காந்து சாப்பிடுதவங்களுக்கு" என்றார். கூட்டமே சிரித்தது. அடுத்த நிமிடம் அதே அக்கா, "யம்மா" என்று கையைத் தரையில் ஊன்றித்தான் உட்கார்ந்தார். வயது 46. மாடு வாங்க எடுத்த குழுக் கடனில் பாதி, மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் செலவாகிவிட்டது. மாடு வரவில்லை. தவணை மட்டும் மாதா மாதம் வந்தது.

அந்த அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். அதனால் இந்த மாதப் பாடம் அதைப் பற்றியே.

வேலை வேறு, பயிற்சி வேறு

பீடி சுற்றும்போது மடியில் சுளகு, குனிந்த கழுத்து. விரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. கால்கள் மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கின்றன. பத்தமடையில் பாய் நெய்கிறவர்களுக்கும் தரையில் உட்கார்ந்த வேலைதான். காருக்கும் பிசானத்துக்கும் நடவு நடுகிறவர்களுக்கு நாளெல்லாம் குனிந்த முதுகு. நடவு முடிந்தால் சில மாதம் அந்த வேலையும் இல்லை. தண்ணீர்க் குடம் எப்போதும் ஒரே இடுப்பில்.

ஆக, வேலையில் உடம்பின் ஒரு பகுதி தேய்கிறது, மற்ற பகுதி சும்மா இருக்கிறது. நம் உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ளவை. சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை எடுத்துச் செலவழிப்பதில் இவற்றுக்குப் பெரும்பங்கு. இவை அசையாமல் இருந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். தொடைத் தசை பலமிழந்தால் உடம்பின் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும். சர்க்கரை நோயும் மூட்டு வலியும் ஒரே வீட்டுக்குள் சேர்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையில் நிரூபித்தது

சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் அரை மணி நேர நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 100-க்கு 39 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. அப்படி ஆலோசனை பெறாதவர்களில் 100-க்கு 55 பேருக்கு வந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய நடந்தவர்களுக்குக் கிடைத்த பலன் அளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது: பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மூச்சு வாங்கும்படி நடக்க வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள்

1. வேக நடை: வாரத்தில் 5 நாள், 30 நிமிடம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மொத்தமாக நேரம் இல்லையென்றால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம்.

2. திண்ணைப் பயிற்சி: திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 10 தடவை. தொடைக்கும் மூட்டுக்கும் இதுவே முதல் மருந்து.

3. சுவர் தள்ளுதல்: சுவரிலிருந்து ஓர் அடி எட்டி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவர் பக்கம் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள். 10 தடவை.

4. இடுப்பு தூக்குதல்: பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். 10 தடவை. நடுகிற முதுகுக்கு இது காவல்.

5. ஒற்றைக் கால் நிற்பு: நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் 10 எண்ணும் வரை நில்லுங்கள். பழகியபின் கையை மெல்ல விடுங்கள். வயதான காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தடுக்க இது உதவும்.

பீடி சுற்றுகிறவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். தோள்களைப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணுங்கள். மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குங்கள். இரண்டு நிமிடத்தில் எண்ணிக்கை குறைந்துவிடாது.

எப்படிக் கூட்டுவது?

நம் சேமிப்பு எப்படித் தொடங்கியது? சிறு தொகையில்தான். பயிற்சியும் அப்படியே. இரண்டு வாரம் 10 தடவை. சுலபமானதும் 12, பிறகு 15. அதன்பின் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணைப் பயிற்சி செய்யலாம். அது ஒரு கிலோ எடை. எண்ணிக்கை, எடை இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். பலப் பயிற்சிக்கு நடுவே ஒரு நாள் ஓய்வு விடுங்கள். அந்த ஓய்வில்தான் தசை தேறும்.

மறுநாள் தசையில் லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம். மூட்டு வீங்கினாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கவனம்

* பலப் பயிற்சியின்போது மூச்சை அடக்காதீர்கள்.
* சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். இடுப்பில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். செருப்பில்லாமல் நடக்கவே கூடாது.
* கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், இருதய நோய் உள்ளவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேளுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.
* நெஞ்சு இறுக்கம், திடீர் மூச்சுத் திணறல் என்றால் உடனே 108.

"நடந்தா ஊரு சிரிக்கும்" என்று சிலர் தயங்குகிறீர்கள். ஒருத்தி நடந்தால்தான் சிரிப்பார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து நடந்தால் வழிவிடுவார்கள். முதல் முதலாக பேங்குக்குப் போனபோதும் ஊர் சிரிக்கத்தானே செய்தது?

அந்த அக்கா இப்போது என்ன செய்கிறார்? பக்கத்து வீட்டு மைனியோடு விடியற்காலையில் வாய்க்கால் கரைவரை நடக்கிறார். திண்ணையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறார். தரையிலிருந்து எழ இன்னும் ஒரு கை வேண்டியிருக்கிறது. "முன்ன ரெண்டு கை வேணும்லா" என்கிறார்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் 30 வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் பி.பி., சர்க்கரை பார்த்திருக்கிறோம்? பார்க்காதவர்கள் எந்தத் தேதியில் சுகாதார நிலையம் போகப் போகிறோம்?
2. கடந்த ஒரு வருடத்தில் நம் குழுக் கடனில் எவ்வளவு வைத்தியத்துக்குப் போனது?
3. எந்த நேரத்தில், எந்தப் பாதையில் சேர்ந்து நடக்கலாம்? தீர்மானமாக எழுதுங்கள்.
4. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். யார் கையை ஊன்றினார்கள் என்று குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.