பிளாஸ்டிக் அறுவை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் முன்

“பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் உடம்புக்குள் பிளாஸ்டிக்கை வைத்துத் தைத்துவிடுவார்களா, ஐயா?” என்று எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அவ்வப்போது யாரேனும் கேட்பதுண்டு. வார்த்தெடுத்தல், உருக்கொடுத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது; இன்று நாம் காணும் பிளாஸ்டிக் பொருள்கள் புழக்கத்துக்கு வருமுன்பே மருத்துவத்தில் வழங்கியது. அரசு மருத்துவமனைகளில் இத்துறையை ‘ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை’ என்பர். தீக்காயத் தழும்பு, பிளந்த உதடு, இயந்திரத்தில் சிக்கிய விரல், புற்றுநோய்க் கட்டியை அகற்றியபின் தாடையில் விழும் குழி ஆகியவற்றைச் சீராக்குவதே இத்துறையின் பெரும்பணி. அழகுக்காகச் செய்யப்படுவது அதில் ஒரு பகுதியே.

சில மாதங்களுக்கு முன் பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவாளர் ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். சிறுவயதில் கொதிநீர் பட்டுக் கழுத்துத் தோல் இறுகி, அப்பெண்ணால் தலையை நிமிர்த்த இயலவில்லை. திருமணம் நிச்சயமாகியிருந்தது. வேறோர் ஊரில் ‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்ற பலகையைக் கண்டு சென்று, மூன்று முறை லேசர் செய்துகொண்டு, சேமிப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டிருந்தனர். இறுகிய தோலை விடுவித்து, உடலின் வேறிடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டிய நிலை அது. லேசரால் அவ்விறுக்கம் நீங்கவில்லை. சிகிச்சை அளித்தவர் என்ன படித்தவர் என்று கேட்டோம். தந்தைக்குத் தெரியவில்லை. ஜரிகையை உரசி, உள்ளிருக்கும் சிவப்பு இழையைக் கொண்டே அசலா போலியா என்று சொல்லக்கூடியவர் அவர். “டாக்டரிடம் போய் அப்படியெல்லாம் கேட்கலாமா?” என்றார். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்பது பட்டம் அன்று. எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். பயின்று, மேலும் மூன்றாண்டு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். பட்டமோ அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டமோ பெற்றவரே இத்துறை வல்லுநர். எம்.பி.பி.எஸ். முடித்து நேரடியாக ஆறாண்டு பயிலும் வழியும் உண்டு. வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழ்களும், விளங்காத எழுத்துகள் நிறைந்த வெளிநாட்டு ‘ஃபெல்லோஷிப்’களும் இதற்கு ஈடாகா. எனினும் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சர்ஜனே வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. முடி நடவைத் தோல் மருத்துவரும், இமைத் திருத்தத்தைக் கண் மருத்துவரும், தாடை முறிவை வாய்-முக அறுவை மருத்துவரும் உரிய பயிற்சியுடன் செய்கின்றனர். பயிற்சி எங்கே, எத்தனை ஆண்டு என்பதே கேள்வி.

ஒவ்வொரு மருத்துவருக்கும் மாநில மருத்துவ மன்றம் வழங்கிய பதிவெண் உண்டு. அதனை மருத்துவச் சீட்டிலும் ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரையோ எண்ணையோ இட்டு, வீட்டுப் பிள்ளைகளே சரிபார்த்துவிடலாம். மேற்பட்டம் பதிவேட்டில் ஏறாமல் விடுபட்டிருந்தால் மருத்துவரிடமே சான்றைக் காட்டுமாறு கேளுங்கள். முறையாகப் பயின்றவர் கோபிக்கமாட்டார்.

அறுவை எங்கே நடக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். 2016இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட இளம் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மையம் முடி திருத்தும் நிலையத்துக்கான உரிமத்தில் இயங்கியது என்று அப்போது செய்திகள் வெளியாயின. மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து அளவுமீறினால் வலிப்பு வரலாம், இதயம் நின்றுபோகலாம். உடனே காப்பாற்ற ஆளும் கருவியும் இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடவு குறித்து நெறிமுறை வெளியிட்டபோது, பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்ப்பது பயிற்சியாகாது என்று தெளிவாகவே கூறியது. படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அப்படி எழுத வேண்டிய நிலை வந்ததே என்று பிறகு வருத்தமும் வந்தது.

ஆகவே தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்று அங்கே மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மயக்க மருத்துவர் யார், அறுவை முடியும்வரை உடனிருப்பாரா என்று கேளுங்கள். முதலில் பார்க்கும் மருத்துவரே அறுவையும் செய்வாரா, சிக்கல் நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “இன்றே முன்பணம் கட்டினால் பாதி விலை” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ‘முன்பு, பின்பு’ படங்களில் விளக்கொளியும் ஒப்பனையும் செய்யும் வேலை அதிகம். தழும்பே இல்லாமல் அறுவை செய்வதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். கத்தி பட்ட இடத்தில் தழும்பு இருக்கும், அதை மெலிதாக்கவும் மறைவிடத்தில் அமைக்கவும் மட்டுமே எங்களால் இயலும்.

ஏற்கெனவே ஓரிடத்தில் சிகிச்சை பெற்றிருந்தால் அதன் குறிப்புகளை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்; 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பணம் இல்லையே என்று தகுதியற்றவரை நாட வேண்டியதில்லை. சென்னை கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி அரசு மருத்துவமனைகளில் இத்துறைகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. தீக்காய இறுக்கம் போன்றவற்றுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் வழியுண்டு. குடும்ப அட்டையுடன் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அறுவை முடிந்துவிட்டது. ஒட்டிய தோல் மீண்டும் சுருங்காதிருக்கச் சில மாதங்கள் கழுத்துப் பட்டை அணிய வேண்டும் என்று சொன்னோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசித் திருமணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.